அண்ணன் கல் பொறுக்கிய வயல்கள்

டென்மார்க்கின் பில்லுண்ட் விமான நிலையத்திலிருந்து ஸ்கீவ என்ற ஊருக்குப் போய்ச் சேரும் வரை வயல்களில் ஒரு மனிதரைக்கூட நான் காணவில்லை. ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடியது. இரண்டு பக்கமும் நிலம்தான். முழங்கால் உயரக் கோதுமை, கண் கூசும் மஞ்சளில் பூத்த எண்ணெய்ப் பயிர், கிழங்குக்குப் பாத்தி பிடித்த மணல். எல்லாம் மனிதர் விதைத்தவை. விதைத்தவர்களைத்தான் காணோம். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பில் நடக்கிற ஒருவர் இல்லை. மாடு இல்லை. நாய் இல்லை. மதியச் சாப்பாடு கொண்டு போகிற சைக்கிள் இல்லை.

"ஆக்கள் எங்க அண்ணை?" என்று கேட்டேன்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த யோகண்ணை சிரித்தார். "ட்ரக்டருக்குள்ள இருப்பினம் தங்கச்சி. வருஷத்தில நாலைஞ்சு தரம் வந்து போவினம். மிச்ச நேரம் நிலம் தன்ர பாட்டில கிடக்கும்."

நான் மட்டக்களப்பு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் படவரைஞராக இருந்தவள். வாய்க்கால், மதகு, குளக்கட்டு என்று வரைந்து வரைந்தே கண்ணாடி தடித்துப் போனது. எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆனால் டென்மார்க்குக்கு நான் நிலம் பார்க்கப் போகவில்லை. என் அண்ணன் ஜெயராஜைப் பார்க்கப் போனேன். அவன் ஸ்கீவவுக்கு வெளியே ஒரு கிராமத்துத் தேவாலயச் சேமக்காலையில் கிடக்கிறான்.

யுத்த காலத்தில் அகதியாக வந்தவன் அவன். முப்பத்தொரு வயதில், மூளையில் இரத்தம் கசிந்து, இரண்டே நாளில் போய்விட்டான். அப்போது எங்கள் பக்கம் பாதையெல்லாம் மூடிக் கிடந்தது. செய்தி வந்தபோது அடக்கம் முடிந்து ஆறு கிழமை. அகதி முகாமில் அவனோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர்தான் யோகண்ணை. அவர் சைவம், நாங்கள் வேதக்காரர். ஆனாலும் இத்தனை வருடமும் அந்தச் சேமக்காலையில் அவன் கல்லறையைப் பார்த்து வந்தவர் அவர்தான்.

இந்த நாட்டில் இறந்தவருக்கும் நிலம் தவணைக்குத்தான் கிடைக்கிறது. தவணை முடிந்தால் உறவினர்கள் நீட்டிக்க வேண்டும், அல்லது விட்டுக்கொடுக்க வேண்டும். முதல் தவணை முடிந்தபோது யோகண்ணை யாரையும் கேட்காமல் கையெழுத்து வைத்து நீட்டியிருக்கிறார். இந்த வருடம் மறுபடியும் கடிதம் வந்ததும் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "இந்தமுறை நான் தனிய முடிவெடுக்கக் கூடாது. நீங்கள் ஒருக்கா வாங்கோ."

புறப்படும்போது அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான். எண்பத்து மூன்று வயது அம்மாவுக்கு. "அவனக் கூட்டிட்டு வா மகள்."

ஹேர்னிங்கைத் தாண்டும்போது யோகண்ணை ஒரு கையால் வெளியே காட்டிக்கொண்டு வந்தார். அவர் முதன்முதலில் வேலை செய்த துணி ஆலை அந்த ஊரில்தான் இருந்ததாம். அந்தப் பக்க நிலம் முழுக்க ஒரு காலத்தில் மணலும் முள்ளுப் புதருமாகக் கிடந்ததாம். காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க வயலுக்கு வயல் மர வேலி நட்டு, சுண்ணாம்புக் களி போட்டு, பரம்பரையாக உழைத்து இதை வயலாக்கியிருக்கிறார்கள். வேலிகள் எல்லாம் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியதுபோல நின்றன. என் மேசையில் நான் கீறும் கோடுகள்கூட அவ்வளவு நேரில்லை.

திடீரென்று காருக்குள் ஒரு நாற்றம் வந்தது. கண்ணாடியை ஏற்றினார். "பண்டி. இஞ்ச ஆக்களைவிடப் பண்டி கூட. ஆனா வெளியில நிண்ட பண்டியை நான் கண்டது விரல் விட்டு எண்ணலாம்." தூரத்தில் பன்றிகளை அடைத்த நீண்ட தாழ்ந்த கொட்டில்கள் தெரிந்தன. நூற்றுக்கணக்கான உயிர்கள் உள்ளே நிற்கும் இடம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

அவருடைய வீடு முழுக்கப் பெட்டிகள். மனைவி ஏற்கெனவே பிரெடெரிசியா என்ற தூரத்து நகரில் இருக்கிற மகளின் வீட்டுக்குப் போய்விட்டா. இவரும் தொழிற்சாலையில் மிச்சமுள்ள ஒன்றரை மாத வேலையை முடித்துக்கொண்டு போகப்போகிறார். அன்று மதியம் கட்டி அடுக்கிய சட்டிகளில் ஒன்றை மறுபடி அவிழ்த்து, ஸ்கீவவுக்குப் பக்கத்துக் கடலேரியில் பிடித்த மட்டியைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தார். எங்கள் வாவியின் மட்டியைவிடப் பெரிது, கறுப்பு நீல ஓடு. வறுத்த மிளகாய்த்தூள் யாழ்ப்பாணத்தது. சோற்றோடு சாப்பிட்டேன். பிறகு அவர் தனக்கு ஒரு துண்டு கறுப்புப் பாண் வெட்டி, அந்தக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார்.

"முழங்கால் ஏலாது தங்கச்சி," என்றார் சாப்பிட்டுக்கொண்டே. "போன வருஷம் ஜெயராஜின்ர குழியைச் சுத்தி நிக்கிற பச்சை வேலியை வெட்டப் போய் எழும்ப முடியாமல் அதிலயே இருந்திட்டன். அங்கால வேலை செய்த மனிசிதான் வந்து தூக்கிவிட்டவ."

அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவருக்கு வேலை. நான் பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். தரிப்பிடத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஒன்பது பத்துக்கு ஒரு பஸ் இருந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்தும் இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. பத்து மணியாகியும் பஸ் வரவில்லை. நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் அந்த எழுத்தைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினா. அது பள்ளிக்கூட நாட்களில் மட்டும் ஓடும் பஸ். நேற்று இயேசு விண்ணேறிய திருநாள், இன்று பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. விண்ணேற்றத் திருநாளை மறந்த வேதக்காரி நான் ஒருத்திதான்.

யோகண்ணைக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

நடக்கும்போதுதான் அந்த நிலம் கண்ணுக்குப் பிடிபட்டது. காரில் வரும்போது தட்டையாகத் தெரிந்தது, உண்மையில் மெல்ல மெல்ல ஏறி இறங்குகிறது. மேட்டில் களிமண், அங்கே தானியம். சரிவில் புல். அடியில் கறுத்த மண்ணும் நேராக வெட்டிய ஓடைகளும். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு வெள்ளைத் தேவாலயம், அதிலிருந்து பார்த்தால் அடுத்த மேட்டுத் தேவாலயம் தெரியும். வயல் ஓரங்களில் கல் குவியல்கள். சில கற்கள் ஆட்டுக்குட்டி அளவு. யார் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன். வானம்பாடி ஒன்று மேலே நின்று கத்திக்கொண்டிருந்தது. அதைத் தவிர அந்த நாலு மைல் சுற்றளவில் நான் மட்டும்தான் என்று தோன்றியது. அண்ணனும் இப்படித்தானே இந்தத் தெருவில் நடந்திருப்பான் என்று நினைத்தேன். அவனுக்குச் சத்தம் பிடிக்கும். பந்தடிக்கும்போது எதிர்ப்பக்கம் நின்றாலும் அவன் குரல்தான் கேட்கும்.

ஒரு பழைய கார் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சேறு படிந்த உயரமான சப்பாத்தோடு, கதவைத் திறந்தா. "ரூபி?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டா.

அவ கியர்ஸ்டன். அண்ணன் வேலை செய்ததும் தங்கியதும் அவவுடைய பண்ணையில்தான். பஸ் இல்லை என்ற செய்தியைப் பார்த்ததும் யோகண்ணை வேலைத்தலத்திலிருந்து அவவுக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார். அவவுக்கு 'ஜ' வராது. 'யாயராய்' என்றுதான் சொன்னா. என் அண்ணனின் பெயரை அப்படி ஒரு உச்சரிப்பில், அவ்வளவு பழக்கத்தோடு ஒருவர் சொல்லக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

சேமக்காலைக்கு நாளைக்கு யோகண்ணையோடு போகலாம், முதலில் என் வீட்டில் சாப்பிடு என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கூட்டிப் போனா. அவித்த புதுக்கிழங்கு, வெள்ளைக் குழம்பு, மொறுமொறுப்பாகப் பொரித்த பன்றி இறைச்சி. குழம்பில் ஏதோ பச்சை இலை, உப்பு மட்டும். மேசையில் ஒரு சிறு போத்தலில் மிளகாய்த்தூள் இருந்தது. "அவன் பழக்கிவிட்ட பழக்கம்," என்றா. "என் கணவர் சாகும் வரை கிழங்குக்கு இது இல்லாமல் சாப்பிடவில்லை."

சாப்பிட்டதும் எனக்கும் ஒரு சோடி சப்பாத்து தந்து வயலுக்குக் கூட்டிப் போனா. கல் குவியல்களைக் கேட்டேன். குளிர்காலத்தில் உறைபனி நிலத்தைப் பிளந்து, கீழே கிடக்கும் கற்களை ஒவ்வொரு வருடமும் மேலே தள்ளிவிடுமாம். வசந்தத்தில் அவற்றைப் பொறுக்காமல் விதைக்க முடியாது. "எங்களுடைய நிச்சயமான விளைச்சல் கல்தான். உன் அண்ணனின் முதல் வேலையும் அதுதான். கல் பொறுக்குவது. முதல் நாள் வந்து, இவ்வளவு கல்லையும் யார் போட்டது, போன வருடம் ஏன் பொறுக்கவில்லை என்று கேட்டான்."

மேட்டின் உச்சியில் நின்றா. கீழே பார்லி பச்சையாக இறங்கி ஓடை வரை போனது.

"ஓய்வு நேரத்தில் அவன் இங்கே நடப்பான். காலால் அளப்பான். என் கணவர் ஒருநாள் என்ன செய்கிறாய் என்று கேட்டார். வீடுகளுக்கு நிலம் பிரிக்கிறேன் என்றான். அவனுடைய ஊர்ச் சனம் முழுவதையும் இங்கே கொண்டுவந்து வைக்கலாமாம். ஒருவரும் இல்லாத இடத்தில் இத்தனை நிலமா என்று அவனுக்கு ஆச்சரியம். நாங்கள் சிரிப்போம். அவனும் சிரிப்பான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அளப்பான்." கையை நீட்டினா. "தேவாலயம் அந்தக் கல் குவியலுக்குப் பக்கத்தில். பந்தடிக்கிற இடம் அதற்குக் கீழே. அம்மாவுக்கு ஓடைப் பக்கம், தண்ணீர் கிட்ட இருக்க வேண்டுமாம். தங்கைக்கு இதோ, இந்த மேடு. அவள் படம் கீறுகிறவள், தூரம் பார்க்க வேண்டும் என்றான்."

தங்கை நான்தான். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, திணைக்களத்தில் சேர்ந்து ஆறு மாதம். வேலை கிடைத்த செய்தியை அவனுக்கு எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. கடிதம் போய்ச் சேரவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பார்லியை மிதிக்காமல் இரண்டு அடி உள்ளே போய் நின்றேன். கியர்ஸ்டன் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டா.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் ஓடைக்கு இறங்கினோம். மண் கால் வைக்கும்போதே ஆடியது. ஓடை முனையில் ஒரு பம்ப் இரைந்துகொண்டிருந்தது. பழைய காலத்தில் இது சதுப்பு நிலம். வடித்து வயலாக்கினார்கள். அடுத்த வருடம் பம்பை நிறுத்தப் போகிறார்கள். கொம்யூன் என்று இங்கே சொல்லும் உள்ளூராட்சிச் சபை, தாழ்ந்த நிலங்களை மறுபடியும் தண்ணீருக்கு விடும் திட்டம் ஒன்று கொண்டுவந்திருக்கிறது. கியர்ஸ்டன் கையெழுத்துப் போட்டுவிட்டாவாம்.

எனக்குக் கோபம் வந்தது. என் வாழ்நாள் முழுவதும் ஒரு ஏக்கருக்கு எப்படித் தண்ணீர் கொண்டு போகலாம் என்று கீறினவள் நான். "விளைகிற நிலத்தை யாராவது தண்ணீருக்குக் கொடுப்பார்களா?" என்றேன்.

"நானும் அப்படித்தான் கேட்டேன்," என்றா. "கொட்டிலுக்குள் போய் இருந்து அழுதேன். ஆனால் பார், வடித்த நாளிலிருந்து இந்த மண் சுருங்கிக்கொண்டே போகிறது. என் மாமனார் நட்ட கம்பம் அது. அவர் காலத்தில் மண் அதன் கழுத்து வரை இருந்தது." கம்பம் என் இடுப்பு உயரத்துக்கு வெளியே நின்றது. "வைத்திருக்கிறோம் என்று நினைத்தோம். அது எங்கள் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது."

அண்ணன் அம்மாவுக்கு ஒதுக்கிய இடம் அதுதான்.

சனிக்கிழமை யோகண்ணையோடு சேமக்காலைக்குப் போனேன். இப்படி ஒரு சேமக்காலையை நான் கண்டதில்லை. ஒவ்வொரு குழிக்கும் முழங்கால் உயரப் பச்சை வேலி, உள்ளே சல்லிக்கல், அந்தச் சல்லியிலும் வாரிய கோடுகள். கற்களில் பெயரோடு பண்ணையின் பெயரும் வெட்டியிருந்தது. இன்ன பண்ணைக்காரர், அவர் மனைவி. இடையிடையே வேலியில்லாத வெறும் புல் சதுரங்கள். அவை தவணை முடிந்தவை.

அண்ணனின் கல் ஒரு முழு வயற்கல். கியர்ஸ்டனின் கணவர் தன் குவியலிலிருந்து தெரிந்தெடுத்துக் கொடுத்தது. அதில் தமிழில் பெயர் வெட்டியிருந்தது. யோகண்ணை தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துக் கல்வெட்டுகிறவர் வெட்டியிருக்கிறார். கடைசி எழுத்தின் புள்ளியை விட்டுவிட்டார். ஜெயராஜ.

"அந்தப் புள்ளியை நினைச்சு எத்தினை நாள் நான் நித்திரை கொள்ளேல்ல," என்றார் யோகண்ணை. "அவர் தாளில ஏதோ ஊத்தை எண்டு நினைச்சிட்டார்."

சேமக்காலையைப் பராமரிக்கிற லோன என்ற பெண் கையுறையைக் கழற்றிவிட்டு வந்தா. போன வருடம் யோகண்ணையைத் தூக்கிவிட்டவ அவதான். நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அவனை ஊருக்குக் கொண்டுபோக முடியுமா? யோகண்ணை டேனிஷில் சொன்னார். அவ மெதுவாகப் பதில் சொன்னா. அனுமதி கேட்கலாம், கிடைப்பது கடினம். கிடைத்தாலும் இந்த மண்ணில் இத்தனை வருடத்துக்குப் பிறகு உங்கள் கையில் எதைத் தருவேன் என்று என்னால் சொல்ல முடியாது. பொய் சொல்ல விருப்பமில்லை.

"அப்ப நீட்டலாம்," என்றேன் உடனே. "நான் கையெழுத்து வைக்கிறன்."

"வைக்கலாம் தங்கச்சி. அவையளே பராமரிப்பினமாம். நான் வராட்டிலும் வேலி வெட்டுப்படும்." வேலியைத் தடவிக்கொண்டே, "ஆனா ஒருத்தரும் வரமாட்டினம்," என்றார். "நான் போறன் எண்டு அவனுக்கு இன்னும் சொல்லேல்ல."

நீட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று லோனவிடம் கேட்கச் சொன்னேன். கல்லையும் வேலியையும் எடுத்துப் புல் விதைப்போம். அவரை யாரும் அசைக்க மாட்டார்கள். ஒரு காலத்துக்குப் பிறகு அதே இடத்தில் வேறொருவரை வைக்கலாம்.

வேறொருவரையா?

அந்த நேரம் அம்மாவின் அழைப்பு வந்தது. ஊரில் மத்தியானம் கழிந்திருந்தது. என் மகள் அங்கே கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கல்லைக் காட்டினேன். அம்மா அதை முதல்முறையாகப் பார்க்கிறா. அழவில்லை. திரைக்கு மிகக் கிட்ட வந்து பார்த்ததால் நெற்றி மட்டும் தெரிந்தது.

"பக்கத்துல ஆரு மகள்?"

கல்லைப் பார்த்து வாசித்தேன். இடப்பக்கம் ஒரு பண்ணைக்காரரும் மனைவியும். வலப்பக்கம் புல்.

"புல்லா? அதுக்குள்ள ஆருமில்லயா?"

"இரிக்காங்க அம்மா. தவணை முடிஞ்சி எடுத்துட்டாங்க." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டிக்கொண்டு வர முடியாது என்பதை, நீட்டலாம் என்பதை. கடைசியில், நீட்டாவிட்டால் அவன் மேலேயே வேறு யாரையோ வைப்பார்கள் என்பதையும் சொன்னேன்.

அம்மா திரையிலிருந்து பின்னால் போனா. இப்போது முழு முகமும் தெரிந்தது.

"வரட்டுமே மகள்," என்றா. "ஆரெண்டாலும் வரட்டும். எத்தின வருசமா அந்தப் புள்ள தனியக் கிடக்கான். உங்கட அப்பாட குழிக்குள்ள அவர்ர அப்பாவும்தானே இரிக்கார்."

நான் யோகண்ணையைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தம்பிட்டக் குடு போன," என்றா அம்மா. கொடுத்தேன். "தம்பி, நீங்க புள்ளையளோட போய் இரிங்க. இவ்வளவு காலம் பாத்தீங்க. போதும் மனே."

"ஓம் அம்மா," என்றார். "ஓம், ஓம்."

தவணையை நீட்டவில்லை என்று லோனவிடம் சொன்னோம். தவணை முடிந்த கற்களை எடுப்பது வழக்கமாக இலையுதிர் காலத்தில்தான். நான் புறப்படுவதற்குள் செய்ய முடியுமா என்று கேட்டதற்கு லோன சரி என்றா. திங்கட்கிழமை காலை லோனவும் யோகண்ணையும் நானும் வேலியைப் பிடுங்கினோம். வேர்கள் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. யோகண்ணையை முழங்காலுக்காக ஒரு கதிரையில் இருத்தினோம். அவர் இருந்தபடியே சல்லியை வாளியில் அள்ளிப் போட்டார். கியர்ஸ்டன் ட்ரக்டரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, சங்கிலி போட்டுக் கல்லைத் தூக்கினா. எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். மேட்டில், பார்லிக்கு ஓரமாக, தண்ணீர் வராத இடத்தில் என்றா. உழும்போது சுற்றிப் போகச் சொல்லித் தன் மகனிடம் சொல்லிவிட்டாவாம்.

கல் போன இடத்தில் ஒரு பள்ளம். லோன மண் போட்டு நிரவினா. விதைப் பையை என்னிடம் நீட்டினா. எங்கள் ஊரில் நெல் வீசுவதுபோலக் கையை அகல வீசினேன். அவ சிரித்து, கொஞ்சமாகப் போடு, காற்றில் பக்கத்துக் குழிப் பண்ணைக்காரர் வீட்டுக்குப் போகிறது என்றா.

செவ்வாய்க்கிழமை விமானம். யோகண்ணைதான் கொண்டுபோய் விட்டார். ஹேர்னிங் தாண்டும்போது ஒரு வயலில் ட்ரக்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காரை ஓரம் கட்டி, "பாருங்கோ, ஆள்," என்று காட்டினார். வெகு தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால், ஒரு தலை தெரிந்தது. இருவரும் கையசைத்தோம். அது எங்களைக் கண்டதாகத் தெரியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அவரிடமிருந்து படம் வந்தது. பிரெடெரிசியாவுக்குப் போவதற்கு முதல் நாள் எடுத்தது. அம்மாவின் கட்டிலில் இருந்துகொண்டு இருவரும் பார்த்தோம். புல் நன்றாக வந்திருந்தது. வலப்பக்கத்துப் பழைய புல்லும் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எந்தக் கோணத்திலிருந்து எடுத்தாரோ, பண்ணைக்காரரின் கல்லும் படத்தில் விழவில்லை. முழுக்க ஒரே பச்சை.

"இதுல எவடத்துல மகள் அவன் இரிக்கான்?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு இடத்தில் விரலை வைத்தேன்.

அம்மா என் விரலை மெல்ல நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டா.